வரையாமல் விட்ட கேலக்ஸிகள்

என் அக்காவை எல்லோரும் லிஃப்ட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்தாறு வருடமாக லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவள். இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று, "ஒண்ணும் ஆகாது, மூச்சை நல்லா விடுங்க, இன்னிக்கு வீட்ல என்ன சமையல் சொல்லுங்க" என்று பேச்சுக் கொடுத்தபடியே வெளியே எடுத்துவிடுவாள். ஊருக்கெல்லாம் அவ்வளவு இதமாகப் பேசுகிறவள் வீட்டில் என்னிடம் மட்டும் எரிந்து விழுவாள். நானும் வாயை மூடிக்கொண்டிருக்கிற ரகம் இல்லை. அச்சகத்தில் பிழை திருத்துவது என் வேலை. அடுத்தவர் தப்பைத் தேடித் தேடி எனக்கு நாக்கு நீண்டுவிட்டது என்பாள் அக்கா. கல்யாணம் எங்கள் இருவருக்குமே ஒத்துவரவில்லை. அவள் செய்துகொள்ளவே இல்லை, நான் செய்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். பதினெட்டு வருடமாக ஒரே வீடு, மூன்றாவது மாடி. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அதைச் சொல்லிச் சிரிக்காத விருந்தாளி இதுவரை வந்ததில்லை.

அவளுக்கு வானத்துப் பைத்தியம் பிடித்தது வேலை நேரத்தில்தான். ஒரு நாள் சாயங்காலம் இருபது மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையில் இருந்தபோது ஊர் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. இருட்டில் இருபது மாடிப் படியை இறங்க மனமில்லாமல் மொட்டை மாடியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து, "தலைக்கு மேல இவ்வளவு வெச்சுக்கிட்டு நாம கீழயே பார்த்துட்டு இருக்கோம்டி" என்றாள். நான் சாப்பிடச் சொன்னேன். சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

சரியாகவில்லை. நாலு வருடம் கழித்து, யாரோ உபயோகித்துவிட்டு விற்ற, தொலைநோக்கிக்கான பதினெட்டு அங்குல வட்டக் கண்ணாடி ஒன்று வீட்டுக்கு வந்தது. அதைத் தாங்கும் மரப்பெட்டி, எட்டுக் குழாய்கள், திருப்புகிற தட்டு எல்லாவற்றையும் அவளே செய்தாள். கழற்றிப் போட்ட லிஃப்ட் உருளைகள் அதில் எங்கெங்கோ இருக்கின்றன. எட்டு மாதம் கூடம் முழுக்க மரத்தூள். தலைக்கு மேலே இருப்பதைப் பார்ப்பதற்குக் காலுக்குக் கீழே இருப்பதை நாசம் பண்ணிவிட்டாய் என்று நான் கத்தாத நாளில்லை. பூட்டி நிறுத்தியபோது அது என்னைவிட உயரம். மேலே நோக்கித் திருப்பினால் ஏணி போட்டு ஏறித்தான் பார்க்க முடியும்.

நிலா இல்லாத சனிக்கிழமைகளில் பழைய வேனில் அதை ஏற்றிக்கொண்டு, எழுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கைவிட்ட கல்குவாரிக்குப் போவோம். நிலாவையும் சனிக் கோளையும் அவள் சட்டை செய்யமாட்டாள். அதெல்லாம் எல்லாரும் பார்ப்பதாம். அவளுக்கு வேண்டியது இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத மங்கல்கள். கண்ணாடி டம்ளரில் விரல் பட்டால் ஒரு தடம் விழுமே, அவ்வளவுதான் கோடானுகோடி நட்சத்திரம் சேர்ந்த ஒரு கேலக்ஸி. கோள்வடிவ நெபுலா என்று இன்னொரு ஜாதி. கோளுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சாகப்போகிற நட்சத்திரம் ஊதிவிட்ட வாயு அது, பார்க்க உருண்டையாக இருப்பதால் அந்தப் பெயர். பெயர் வைத்தவரை என் மேசைக்கு அனுப்பியிருந்தால் திருத்தியிருப்பேன்.

இவற்றை நேராகப் பார்த்தால் தெரியாது. கொஞ்சம் தள்ளி, வேறு எதையோ பார்ப்பது போலப் பார்த்தால்தான் ஓரக்கண்ணில் அது எழும்பி வரும். மங்கலான வெளிச்சம் கண்ணின் நடுவைவிட ஓரத்துக்குத்தான் நன்றாகத் தெரியுமாம். இதில் ஒரு வில்லங்கம், பார்க்க ஆசைப்பட்டால் இல்லாததும் தெரியும். அதற்கு அக்கா ஒரு முறை வைத்திருந்தாள். முதலில் அவள் பார்த்து, வேனுக்குள் சிவப்பு விளக்கில் ஓர் அட்டையில் பென்சிலால் வரைவாள். அப்புறம் நான் பார்த்து வரைவேன். அதுவரை ஒரு வார்த்தை பேசக்கூடாது. பிறகு இரண்டு அட்டையையும் பக்கம் பக்கமாக வைத்து, இரண்டிலும் இருப்பதை மட்டும் பெரிய நோட்டில் ஏற்றுவாள். முதலில் நான் குளிரில் பல் தந்தியடிக்கத் திட்டிக்கொண்டேதான் போனேன். நாலைந்து மாதத்தில், சனிக்கிழமை மேகம் வந்தால் அவளைவிட நான்தான் வாடிப்போனேன்.

போன வருடத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் ஒரு ராத்திரி ஒரு கேலக்ஸிக் கூட்டத்துக்குத் திருப்பினாள். நான் ஒன்பது வரைந்தேன். அவள் அட்டையில் ஐந்து இருந்தது. "உனக்குக் கழுகுக் கண்ணுடி" என்று சிரித்தாள். அடுத்த மாதம் ஒரு நெபுலாவைச் சுற்றி நான் வரைந்திருந்த மெல்லிய வளையம் அவளிடம் இல்லை. மறுபடி ஏறி அரை மணி நேரம் பார்த்தாள். இறங்கி வந்து கட்டைவிரலால் தன் அட்டையைத் தேய்த்துக்கொண்டே, "எனக்கு வயசாயிடுச்சு போல" என்றாள். காலையில் காபி ஆறிப்போய் அப்படியே இருந்தது. பெட்டியைத் துடைக்கக்கூட இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை, பார்த்ததில் இரண்டை வரையாமல் விட்டேன். அட்டைகள் கிட்டத்தட்ட ஒத்துப்போயின. அக்காவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. வீடு வரும்வரை ஏதோ பழைய பாட்டை முனகிக்கொண்டே ஓட்டினாள். அந்த முகத்துக்காக நான் எதை வேண்டுமானாலும் விட்டிருப்பேன்.

பதினாலு மாதம், ஐம்பத்திரண்டு அட்டை. நாள் முழுக்க அடுத்தவர் விட்ட புள்ளியைத் தேடிச் சேர்க்கிற நான், ராத்திரியில் என் கண்ணால் பார்த்த புள்ளிகளை ஒவ்வொன்றாக விட்டேன். அவளுக்கு எது தெரியாது என்று நானாக ஊகித்துக்கொள்வேன். வயதானால் சின்ன எழுத்து தெரியாமல் போகும். எனக்குத் தெரிந்த கண் கோளாறு அது ஒன்றுதான். ஆகவே சின்னதாக, கூர்மையாக இருப்பதையெல்லாம் விட்டேன். இதற்கிடையே அவள் தோளிலும் முழங்கையிலும் கன்றிப்போன அடிகள். கேட்டால், "லிஃப்ட் குழிக்குள்ள வேலைன்னா இடிக்காமயா இருக்கும்" என்பாள். நானும் தைலம் தடவிவிட்டேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குப் புத்தி இல்லை.

இந்த வருட ஆரம்பத்தில் ஒரு சின்ன நெபுலா. நடுவில் ஊசிமுனை போல ஒரு நட்சத்திரம், சுற்றிலும் உருண்டையாகப் புகை. நேராகப் பார்த்தால் புகை மறைந்து நட்சத்திரம் நிற்கும், ஓரக்கண்ணால் பார்த்தால் நட்சத்திரம் முங்கிப் புகை எழும்பும். ஊசிமுனை அக்காவுக்குத் தெரியாது என்று முடிவு செய்து, வெறும் புகையை வரைந்தேன்.

அட்டைகளைப் பக்கம் பக்கமாக வைத்தோம். அவள் அட்டையில் நட்சத்திரம் மட்டும் இருந்தது. புகை இல்லவே இல்லை.

"நடுவுல நட்சத்திரம் எங்கடி?"

"எனக்குத் தெரியலக்கா."

"நேராப் பார்த்தா கண்ணைக் குத்துது. கமாவுக்கும் புள்ளிக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கிறவ, உனக்கு இது தெரியலையா? ஏறு. ஏறிப் பார்த்துட்டுச் சொல்லு."

ஏணியில் ஏறினேன். நட்சத்திரம் பளிச்சென்று இருந்தது. இறங்காமல் அங்கேயே நின்றேன். கீழேயிருந்து அக்கா, "எத்தனை நாளாடி?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. நான் ஏணியைப் பிடித்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பழைய கேலக்ஸிக் கூட்டத்துக்குத் திருப்பினாள். "இப்ப ஒழுங்கா வரை" என்றாள். நான் ஒன்பது வரைந்தேன். அவள் இரண்டு வரைந்தாள்.

திங்கட்கிழமை கண் டாக்டரம்மாவிடம் போனோம். இருட்டறையில் ஒரு வெள்ளைக் கிண்ணம் மாதிரியான கருவிக்குள் அவள் முகத்தை வைத்து, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். எங்கே வெளிச்சப் பொட்டு தெரிந்தாலும் அழுத்த வேண்டும். நான் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து அந்தச் சத்தத்துக்குக் காத்திருந்தேன். ஒரு டிக், நீண்ட மௌனம், இன்னொரு டிக். அழுத்து, அழுத்து என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவள் அழுத்தவில்லை.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, நரம்பை ஓரத்திலிருந்து அரிக்கிற வியாதி. வலிக்காது, பேப்பர் படிக்கலாம், நடுப் பார்வை கடைசிவரை நன்றாக இருக்கும். போனது திரும்பாது. தினமும் சொட்டு மருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம்.

"ஒரு வருஷம் முன்னாடியே வந்திருந்தா நிறைய மிச்சம் பிடிச்சிருக்கலாம்" என்றார் டாக்டரம்மா. "ஓரத்துல தெரியாம போற மாதிரி ஏதாவது தோணுச்சாம்மா?"

"இல்ல டாக்டர். எனக்கு எதுவுமே தெரியல" என்றாள் அக்கா. என் பக்கம் திரும்பவே இல்லை.

அது உண்மைதான். அவளுக்குத் தெரியாதபடி நான் அல்லவா பார்த்துக்கொண்டேன். ஊரில் எத்தனையோ பேருக்கு இந்த வியாதி சொல்லாமல் வருகிறது. அக்காவுக்கு மட்டும் மாதாமாதம் அட்டையில் எழுதிக் காட்டியது. அதை நான் உட்கார்ந்து அழித்தேன்.

இனி லிஃப்ட் குழிக்குள் இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஆபீசில் புகார் போன் எடுக்கிற மேசையில் உட்காரவைத்தார்கள். அன்றைக்கு வீட்டுப் படியில் பாதி ஏறியதும் நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். எனக்கு இரண்டு படி மேலே நின்றாள் அக்கா.

"அன்னிக்கே சொல்லியிருந்தா நான் போயிருப்பேன்டி."

"நீ சாப்பிடாம இருந்தேக்கா. என்னால பார்க்க முடியல."

"ரெண்டு நாள் சாப்பிட்டிருக்க மாட்டேன். அவ்வளவுதானே." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "இனிமே எனக்குப் பாவம் பார்க்காத. புரியுதா? ஏறு, காலு வலிக்குது."

மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. ஆனால் மருந்துக்கு நான்தான் வேண்டும். தானே விட்டுக்கொண்டால் கண்ணைச் சிமிட்டிவிடுவாள். முதல் ராத்திரி குறி தப்பி, சொட்டு கன்னத்தில் விழுந்தது. அவள் துடைத்துக்கொண்டு மறுபடி முகத்தை நிமிர்த்திக் காட்டினாள். மருந்து விட்டதும் ஐந்து நிமிடம் கண்ணை மூடியிருக்க வேண்டும். அந்த ஐந்து நிமிடமும் நான் கட்டிலோரத்தில் குற்றவாளி போல உட்கார்ந்திருப்பேன்.

நாலாவது ராத்திரி, மூடிய கண்ணோடு அவள் கேட்டாள்.

"வளையம்னு ஒண்ணு வரைஞ்சியே. அதுக்கு அடுத்த சனிக்கிழமை, முதல்தடவையா என்கிட்ட மறைச்சியே, அது என்ன?"

"ரெண்டு கேலக்ஸிக்கா."

"எங்க இருந்துச்சு?"

பிழை திருத்துகிறவளுக்குத் தெரிந்தே விட்டது மறக்காது. அவள் கையை எடுத்து உள்ளங்கையை விரித்தேன். "நடுவுல இது நீ வரைஞ்ச பெரிசு. இதுக்குக் கீழ, இங்க, நீளமா ஒண்ணு. நுனி ரெண்டும் மங்கிப்போயிருக்கும். அதுலேர்ந்து கொஞ்சம் தள்ளி, இங்க, ரொம்பக் குட்டியா இன்னொண்ணு. நடு மட்டும் லேசா வெளிச்சமா இருந்துச்சு."

"நீளமா இருந்தது எந்தப் பக்கம் சாஞ்சிருந்துச்சு?"

விரலால் கோடு இழுத்துக் காட்டினேன். அவள் கையை மூடிக்கொள்ளாமல் அப்படியே வைத்திருந்தாள். மூடிய இமை ஓரமாக மருந்து வழிந்தது, கொஞ்சம் அதிகமாகவே வழிந்தது. நான் துடைத்துவிட்டேன்.

"நாளைக்கு அடுத்த அட்டை" என்றாள்.

ராத்திரிக்கு ஒன்றாகப் பதினாறு முடிந்திருக்கிறது. ஐந்து நிமிடம் போதவில்லை. மருந்து எப்போதோ உள்ளே இறங்கியிருக்கும், அக்கா கண்ணைத் திறக்காமல் கையை நீட்டிக்கொண்டு கேட்கிறாள். நான் ஒன்றையும் விடாமல் சொல்கிறேன்.