எக்ஸ்ரே அக்கா வீட்டு வெங்காயம்

அந்தத் துணிக்கடையில் எல்லாருக்கும் அவள் எக்ஸ்ரே அக்காதான். வெளியே போகிற வாசலில் ஒரு சின்ன மேஜை, ஒரு ஸ்டூல், பில்லில் ஓட்டை போடுகிற கருவி. பையில் இருப்பதும் பில்லில் இருப்பதும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து ஓட்டை போட்டு அனுப்புவது அவள் வேலை. மற்றவர்கள் பையைக் குடைவார்கள். இவள் ஆளின் முகத்தைப் பார்ப்பாள். ஒருமுறை தூங்குகிற கைக்குழந்தையோடு ஒரு பெண் வாசலைத் தாண்டப் போனாள். நல்ல வெயிலில் குழந்தைக்குக் கனமான போர்வை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறவள் அதன் முகத்தை ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லையே என்று இவளுக்குத் தோன்றியது. போர்வையை விலக்கினால் குழந்தைக்கு அடியில் புதுச் சட்டைகள். அன்றைக்குக் கிடைத்த பட்டம்தான் எக்ஸ்ரே.

அந்தக் கண்ணை வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிட்டு வர அவளுக்குத் தெரியாது. வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் போனில் ஒருநாள் குரலைத் தாழ்த்திப் பேசினால் போதும். "பக்கத்துல யாருடி?" என்பாள். கல்யாண நாளுக்கு மகள் வாங்கி அனுப்பிய ஏர் ஃபிரையரைக்கூட அவள் நம்பவில்லை. "எண்ணெயே இல்லாம எப்படி முறுகும்? ஏதோ ஏமாத்து வேலை" என்று பெட்டியைப் பிரிக்காமல் பரண்மேல் ஏற்றிவிட்டாள்.

அவளுடைய கணவர் கேஸ் ஏஜென்சியில் மெக்கானிக். வீடு வீடாகப் போய் அடுப்பு, ரெகுலேட்டர், ரப்பர் குழாய் பார்க்கிறவர். எந்த அடுப்பையும் அக்கு அக்காகப் பிரித்து மாட்டுவார். அந்த அடுப்பில் வெந்நீர் வைக்கச் சொன்னால் மட்டும் கை ஓடாது. அப்படிப்பட்ட மனுஷர், ஒரு வாரம் காய்ச்சலில் படுத்து எழுந்த பிறகு, தானாகப் பரணில் ஏறிப் பெட்டியை இறக்கினார்.

அவள் வேலை முடிந்து வந்தபோது அடுப்படியில் நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது, புதுசா?"

"சும்மாதான். வாங்கின சாமான் வீணாப் போகுதேன்னு பார்த்தேன்."

பெரிய வெங்காயமாகப் பார்த்து எடுத்து, வேர்ப்பக்கத்தை விட்டுவிட்டு மேலிருந்து கீறல் கீறலாக வெட்டினார். ஐஸ் தண்ணீரில் போட்டதும் அது பூ மாதிரி விரிந்தது. மைதா, சோளமாவு, மிளகாய்த்தூள், உப்பு கலந்த மாவை இதழ் இதழாகத் தூவி, அடித்த முட்டையில் முக்கி, ரொட்டித்தூளில் புரட்டினார். மேலே பிரஷ்ஷால் தொட்டும் தொடாமலும் எண்ணெய். பிறகு அந்தக் கறுப்புக் கூடையில் வைத்து மூடினார். முதல் பூ உள்ளே வேகாமல் வெளியே காய்ந்துபோனது. இரண்டாவதில் மாவு தனியாகக் கழன்று வந்தது. அதற்குப் பிறகு கை பழகிவிட்டது. ஒரு இதழைப் பிய்த்து வாயில் போட்டால் கறுக்கென்று உடைந்து, உள்ளே இனிப்பாக இருந்தது. எக்ஸ்ரே அக்காவுக்குப் பிடித்துத்தான் இருந்தது. அதுதான் அவளை இன்னும் உறுத்தியது. இத்தனை வருஷம் ஒரு தம்ளர்கூடக் கழுவாத ஆள், யாருக்காக இப்படிப் பக்குவம் கற்றுக்கொள்கிறார்?

விடை எதிர்வீட்டில் கிடைத்த மாதிரி இருந்தது. அங்கே ஒரு தையல்காரி தனியாக இருந்தாள். ஒருநாள் படியேறி வரும்போது, கணவர் தட்டோடு அவள் வாசலில் நிற்பதைப் பார்த்தாள்.

"மணம் எப்படி இருக்கு? நல்லா வருதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெருமுனை வரைக்கும் தூக்குதுண்ணே!" என்று தையல்காரி சிரித்தாள்.

எக்ஸ்ரே அக்கா ஒன்றும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றினாள், முகம் கழுவினாள், சாப்பாடு போட்டாள். கையும் களவுமாகப் பிடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்பது கடையில் பழகிய பழக்கம். வீட்டுக்குள் இருந்தபடியே கவனிக்க ஆரம்பித்தாள். அவர் சட்டைக்கு முன்பு மாதிரி சென்ட் போடுவதில்லை. இது கொஞ்சம் நிம்மதி. ஆனால் சாப்பாட்டைப் பற்றி ஒரு குறையும் சொல்வதில்லை. உப்பில்லாமல் வைத்தால் மட்டும் கேட்டார். குழம்பில் பெருங்காயம் போட மறந்த அன்று வாயே திறக்கவில்லை. குற்றம் செய்கிறவன்தான் குறை சொல்ல மாட்டான் என்று அவள் முடிவு கட்டினாள்.

தையல்காரியிடமும் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தாள். "எங்க வீட்டுக்காரர் தினம் பலகாரம் கொண்டு வர்றாராமே?"

"ஆமாக்கா. ஆனா நான் நல்லா இருக்குன்னு சொன்னா அதைக் காதுலயே வாங்கிக்க மாட்டார். மணம் வருதா, கருகின வாசனை ஏதாவது இருக்கா, இதையேதான் கேட்பார். சொன்னதும் போயிடுவார்."

இது என்ன மாதிரி கேள்வி என்று அவளுக்குப் புரியவில்லை. புரியாததால் சந்தேகம் இரண்டு மடங்கானது.

ஒருநாள் தலைவலி என்று சொல்லிக் கடையிலிருந்து சீக்கிரமே கிளம்பினாள். கீழ்ப்படியில் கால் வைத்தபோதே காட்டமான கருகல் நெடி மூக்கில் ஏறியது. இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறிக் கதவைத் தள்ளினாள். அடுப்படி முழுக்கப் புகை. கணவர் கூடத்தில், அடுப்படிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து எங்கோ வெறித்துக்கொண்டிருந்தார்.

"என்ன, சீக்கிரம் வந்துட்ட?"

அவள் புகையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். வாசல் மேஜையில் உட்காரும்போது வருமே, அந்தக் குரல் தானாக வந்தது.

"வெங்காயம் வெக்கிறீங்களா?"

"ஆமா. நல்லா முறுகுது பாரு. மணம் ஆளைத் தூக்குதே!"

அந்த ஒரு வார்த்தையில் அவள் நெஞ்சிலிருந்த தையல்காரி காணாமல் போனாள். இத்தனை வருஷ வேலையில் அவள் எத்தனையோ பொய் கேட்டிருக்கிறாள். இப்படிக் கண்முன்னால் புகையும் பொய்யைக் கேட்டதில்லை. ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்துக் கூடையை வெளியே இழுத்தாள். கரிக்கட்டை. வெட்டாமல் மீந்திருந்த வெங்காயத்தை இரண்டாக அரிந்து கொண்டுவந்து அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள். அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"என்ன வாசனை வருது? சொல்லுங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "கண்ணு எரியுது. மூக்குதான் செத்துப்போச்சு" என்றார்.

காய்ச்சலோடு போன வாசனை திரும்பவே இல்லையாம். வெங்காயம் முறுகுகிற மணத்துக்குச் செத்த மூக்கும் முழித்துக்கொள்ளும் என்று நினைத்தாராம். எண்ணெய்ச் சட்டி வைக்கப் பயம், தீய்ந்தால் தெரியாது. இந்த மெஷின் நேரமானால் தானே நின்றுவிடும். அதனால்தான் பரணில் ஏறினாராம். இன்றைக்கு நேரத்தைக்கூட ஒழுங்காக வைக்கவில்லை போலிருக்கிறது.

"வீட்டுல சொல்றதுக்கென்ன?"

"கேஸ்காரனுக்கு மூக்கில்லைன்னா யார் வேலை குடுப்பா? எல்லா இடத்துலயும் சோப்புத் தண்ணி ஊத்திப் பார்த்துட்டுத்தான் வர்றேன். மூக்கை நம்புறதே இல்ல."

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி வார்த்தை சொல்லும்போது அவர் கண் தரைக்குப் போனது.

"இன்னைக்கு என்ன நடந்துச்சு?"

"ஒண்ணுமில்ல."

"நான் வாசல்ல உட்கார்ந்து இதைத்தான் பார்க்கிறேன். ஒண்ணுமில்லாதவன் சட்டைப் பொத்தானைத் திருக மாட்டான்."

அவர் கை பொத்தானை விட்டது. மத்தியானம் ஒரு வீட்டில் லேசாக கேஸ் வாசனை வருகிறது என்று கூப்பிட்டிருக்கிறார்கள். பழக்கதோஷத்தில் குனிந்து மோந்து பார்த்து, "ஒண்ணுமில்லம்மா, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். படியில் பாதி இறங்கியபோதுதான் உறைத்தது. திரும்பிப் போக வெட்கமாக இருந்தது.

"வெக்கமா?" அவள் குரல் ஏறியது. "போனை எடுங்க முதல்ல!"

அவர் போனை எடுத்து அவளிடம் நீட்டினார். அவளே எண்ணைக் கேட்டுப் போட்டுக் கொடுத்தாள். "அம்மா, நான் கேஸ் மெக்கானிக் பேசறேன். ரெகுலேட்டரை மூடிட்டு ஜன்னலைத் திறந்து வைங்க. அடுப்பு பத்த வைக்காதீங்க, ஸ்விட்ச் எதையும் தொடாதீங்க. இதோ வர்றேன்" என்றார். அவள் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டாள். அவரைத் தனியாக விட்டால் பாதி வழியில் திரும்பிவிடுவாரோ என்ற சந்தேகம் அப்போதும் அவளுக்கு இருந்தது.

அந்த வீட்டில் ஒரு இளம் தாய் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தாள். எக்ஸ்ரே அக்கா முதலில் உள்ளே போனாள். இருந்தும் இல்லாத மாதிரி ஒரு நெடி. அவர் ரெகுலேட்டரை ஒரு நிமிஷம் திறந்து, சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு இணைப்பாகத் தடவிக்கொண்டே வந்தார். அடுப்புக்குப் பின்னால், குழாய் சேருகிற இடத்தில் ஒரு குமிழி கிளம்பியது. உடைந்தது. அடுத்தது கிளம்பியது. அவர் அதைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பிறகு ரெகுலேட்டரை மூடிவிட்டுக் குழாயை மாற்றினார்.

"மத்தியானம் ஒண்ணுமில்லைன்னு சொன்னீங்களே?" என்றாள் அந்தப் பெண்.

எக்ஸ்ரே அக்கா கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று நின்றாள்.

"எனக்கு வாசனை தெரியலைம்மா. காய்ச்சலுக்கு அப்புறம் போயிடுச்சு. மறைச்சிட்டு வேலை பார்த்தேன். தப்பு என் மேலதான்" என்றார்.

அந்தப் பெண் திட்டினாள். குழந்தை இருக்கிற வீடு என்று அழுதுகொண்டே திட்டினாள். அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். கணவருக்கு ஆதரவாக எக்ஸ்ரே அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே வந்ததும் அவர் கையிலிருந்த பையை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் ஏஜென்சி மேனேஜரிடம் அவரே போய்ச் சொன்னார். வேலை போகும் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். மேனேஜர் ஒருபாடு கத்திவிட்டு, அவர் சமீபத்தில் பார்த்த வீடுகளுக்கெல்லாம் வேறு ஆளை அனுப்பினார். இவரைப் புகார் போன் எடுக்கிற நாற்காலியில் உட்கார வைத்தார். சம்பளம் குறைந்தது. ஊர் சுற்றியே பழகின காலுக்கு அந்த நாற்காலி பிடிக்கவில்லை. கொஞ்ச நாள் வீட்டுக்கு வந்து புலம்பினார். மூக்கு டாக்டர் மாத்திரை கொடுத்து, திரும்பினாலும் திரும்பும், உறுதி சொல்ல முடியாது என்றார். தையல்காரிக்கு எக்ஸ்ரே அக்காவே ஒரு தட்டு வெங்காயம் கொண்டுபோய்க் கொடுத்தாள். காரணம் சொல்லவில்லை.

ஒரு மத்தியானம் கடையில் கூட்டமில்லாத நேரம். அவள் மேஜைக்குக் கீழே போனை வைத்துக்கொண்டு ஏஜென்சியின் புகார் எண்ணைப் போட்டாள்.

"வணக்கம், கேஸ் ஏஜென்சி. வாசனை வருதுங்களா?" என்றது கணவரின் குரல்.

"அதெல்லாம் ஒண்ணும் வரல. நீங்க சீட்ல இருக்கீங்களான்னு பார்த்தேன்."

"இருக்கேன், இருக்கேன். போனை வை, வேற யாராவது கூப்பிடுவாங்க" என்றார் அவர்.

வைத்துவிட்டு, எதிரே வந்து நின்ற ஆளின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.