யாரும் கேட்காத உப்பு

ஒழுங்காகச் செய்ததற்கும் ஏனோதானோவென்று செய்ததற்கும் சாப்பிடுகிறவனுக்கு வித்தியாசம் தெரியாது என்றால், எதற்காக ஒழுங்காகச் செய்ய வேண்டும்? தடித்த புத்தகங்களில் இதைக் கேட்டிருக்கிறார்கள். பதில் சொன்னவர்களும் உண்டு. பெரும்பாலும் வயிறு நிறைந்தவர்கள். சமையல்காரி சூப்பக்கா புத்தகம் எதுவும் படித்ததில்லை. பதினோரு வருஷமாக ஒரே அடுப்பின் முன்னால் நின்றவளிடம் அந்தக் கேள்வி தானாகவே வந்து சேர்ந்தது.

ஏழு மேசை போட்ட கொரியச் சாப்பாட்டுக் கடை அது. ஒரு பக்கம் பூட்டு சாவிக் கடை, இன்னொரு பக்கம் பல் டாக்டர். கடையைத் தொடங்கிய கொரியக்காரி ஒரு சிடுமூஞ்சி. வெங்காயத்தாளைக் கொஞ்சம் தாராளமாக நறுக்கினாலும் கரண்டியால் மேசையைத் தட்டுவாள். யாருக்கும் எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை. தப்பாகச் செய்தால் திட்டுவாள், அவ்வளவுதான். ஒன்பது வருஷம் திட்டு வாங்கியதில் சூப்பக்காவுக்கு எலும்பு சூப் கைவந்துவிட்டது. மாட்டெலும்பைப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டு, சிவப்பு போகிறவரை மூன்று முறை தண்ணீர் மாற்றி, ஒரு கொதி விட்டு அந்தத் தண்ணீரையும் கொட்டி, பானையைத் தேய்த்துக் கழுவி, மறுபடி புதுத் தண்ணீரில் பன்னிரண்டு மணி நேரம். கடைசியில் பால் போல வெளுத்து நிற்கும். அதில் உப்பு போடக்கூடாது. உப்பு ஜாடி மேசையில் இருக்கும். அவரவர் வாய்க்கு வேண்டியதை அவரவர் போட்டுக்கொள்ள வேண்டும்.

பிறகு கொரியக்காரி கடையை விற்றுவிட்டு மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். வாங்கியவன் சூப்பக்காவின் தங்கை புருஷன். பெயர்ப்பலகையை வாங்கினான், பானைகளை வாங்கினான், கண்ணாடிக் கதவில் எழுதியிருந்த "பன்னிரண்டு மணி நேரம் கொதித்த சூப்" என்ற வரியையும் சேர்த்தே வாங்கினான். முதல் மாதமே ஒரு மூட்டை ரெடிமேட் சூப் பொடி வந்து இறங்கியது.

"கேஸ் என்ன குழாயில தண்ணி மாதிரியா வருது அண்ணி? பொடியைப் போட்டு வெந்நீர் ஊத்துங்க. வெள்ளையா தெரியணும்னா காபிக்குப் போடுற பால் பவுடர்ல ரெண்டு கரண்டி."

"கண்டுபிடிச்சிருவாங்க தம்பி."

"யாரு? வர்றவன் சூப்பைப் பாக்க வர்றானா, போனைப் பாக்க வர்றானா?"

பொடியிலேயே உப்பு இருந்தது. அதனால் ஏழு உப்பு ஜாடிகளும் மேல் தட்டுக்கு ஏறின. அன்று மதியம் சூப்பக்கா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். ஒன்பது வருஷம் தங்கள் கையாலேயே உப்பு போட்டுக் குடித்தவர்களில் யாராவது ஒருவர் நிமிர்ந்து "உப்பு எங்கே?" என்று கேட்டால் குட்டு உடைந்துவிடும். யாரும் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. இரண்டு வருஷம் ஆயிற்று, கேட்கவில்லை.

அவர்கள் மேல் அவளுக்கு இளக்காரம் பிறந்தது அப்போதுதான். கொரியத் தொடர் பார்த்துவிட்டு வந்து, கிம்ச்சி என்கிற காரமான கோஸ் ஊறுகாயை வாயில் போட்டுக் கண்ணை உருட்டுகிற கல்லூரிப் பெண்கள். காய்ச்சல் வந்தால் இந்தச் சூப்தான் மருந்து என்று தூக்குப் பாத்திரத்தோடு வருகிற கம்ப்யூட்டர் ஆபீஸ்காரன். எல்லோருக்கும் மேலே, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். பெண்டாட்டி போன பிறகு வாரம் இரண்டு நாள் ஜன்னலோர மேசைக்கு வருவார். முதல் வாய் குடித்ததும் கண்ணை மூடிக்கொள்வார்.

"என்ன சூப்பும்மா இது! அம்மா மடியில படுத்த மாதிரி இருக்கு."

"ஆமாங்கய்யா, உங்கம்மா மடி மூட்டையில வருது" என்று அவள் உள்ளே வந்து பானையிடம் சொல்வாள். வெளியே சிரிப்பாள்.

அவளை மட்டும் உயர்த்திப் பேசுவதற்கும் ஒன்றுமில்லை. பொடியைக் கலக்கியது அவள் கைதான். ஏமாறுகிறவர்களை மட்டமாக நினைத்துக்கொண்டதால் ஏமாற்றுவது அவளுக்குச் சுலபமாகிவிட்டது. அடுத்தவரைக் கேவலமாக நினைப்பதிலும் ஒரு கதகதப்பு உண்டு. அவள் தினமும் குடித்த சூப் அதுதான்.

இருந்தும் அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் போனதிலிருந்து ஆறு வருஷமாகத் தங்கை வீட்டுக் கூடத்தில், ஃப்ரிஜ்ஜுக்கும் துணி துவைக்கிற மிஷினுக்கும் நடுவில் பாய் போட்டுப் படுத்து வந்தாள். ஃப்ரிஜ் உறுமினால் விழிப்பு. உறுமல் நின்றால் அதற்கும் விழிப்பு. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட ஓர் அறை வேண்டும். வேறொன்றும் அவள் கேட்கவில்லை.

அந்த ஆசை தங்கை புருஷனுக்கு நன்றாகத் தெரியும்.

"அண்ணி, வியாழக்கிழமை சாயந்திரம் ஒருத்தர் வர்றார். வாரப் பத்திரிகையில சாப்பாட்டுக் கடை பத்தி எழுதுறவர். அவர் நல்லா எழுதிட்டார்னா ரெண்டாவது கடை போட்டுடலாம். அதுக்குப் பாத்து வெச்சிருக்கிற இடத்துல மாடியில ரெண்டு ரூம் இருக்கு. சாவி உங்க கையில. ஆனா அன்னைக்கு ஒரு நாள் மட்டும் நெஜமாவே எலும்பு போட்டுக் கொதிக்க வைங்க. அவர் நாக்கு பொல்லாத நாக்காம்."

"பொடி போட்டா?"

"போட்டா இருக்கிற கடையும் காலி. சாவியும் இல்ல, அடுப்பும் இல்ல."

புதன்கிழமையே எலும்பை ஊறப்போட்டு மூன்று முறை தண்ணீர் மாற்றினாள். வியாழன் விடிகாலை ஐந்து மணிக்கு அடுப்பு ஏறியது. மதியம் வந்தவர்களுக்கு வழக்கம் போலப் பொடி. பின்பக்கத்து அடுப்பில் பெரிய பானை தன் பாட்டுக்குக் கொதித்தது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்த வாசனை எழுந்தபோது அவள் நுரையை வழித்துக்கொண்டே, தன்னையறியாமல் நிமிர்ந்து நின்றாள். நாலு மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி ஒரு உப்பு ஜாடியை இறக்கித் துடைத்து வைத்தாள்.

ஐந்தரைக்கு எழுத்தாளர் வந்தார். குண்டு மனிதர், கழுத்தில் கேமரா. கறுப்பு மண்சட்டியில் சூப் போனது, பக்கத்தில் உப்பு ஜாடி. ஆறு கோணத்தில் படம் எடுத்தார். ஜாடி மறைக்கிறது என்று அதை எடுத்து அடுத்த மேசையில் வைத்தார். பிறகு ஒரு கரண்டி குடித்தார். முகம் சுருங்கியது.

"கொதிச்சது கொதிச்சதுதான். ஆனா... சப்புனு இருக்கே? இதுக்கா இவ்வளவு பேச்சு?"

"உப்பு நீங்களே..." என்று சூப்பக்கா சொல்லி முடிப்பதற்குள் தங்கை புருஷன் சட்டியைத் தூக்கிவிட்டான்.

"சாரி சார், இது இன்னும் பதம் வராத பானை. ரெண்டே நிமிஷம்!"

உள்ளே வந்து, மதியம் மிஞ்சிய பொடிச் சூப்பைச் சுடவைத்து, அவனே ஊற்றிக்கொண்டு போனான். எழுத்தாளர் குடித்தார். கண்ணை மூடினார். அடுத்த மேசையில் இருந்த கண்ணாடிக் கடைக்காரர் அவரைப் பார்த்துச் சொந்தக்காரரைக் கண்டவர் போலத் தலையாட்டினார்.

"இதுதான் பன்னிரண்டு மணி நேரம்! பொறுமைன்னா என்னன்னு நாக்கு சொல்லுது" என்றார் எழுத்தாளர்.

தங்கை புருஷன் சமையல் கட்டுக்குள் வந்து சிரிப்பை அடக்க வாயில் துண்டைத் திணித்துக்கொண்டான். "பாத்தீங்களா அண்ணி, பொல்லாத நாக்கு! அந்தப் பானையைக் கொட்டிடுங்க, இடத்தை அடைக்குது."

அவள் கொட்டவில்லை. ஒரு கிண்ணத்தில் ஊற்றி, உப்பு போட்டு, நின்றுகொண்டே குடித்தாள். ருசி எப்படி இருந்தது என்று யாரிடமும் சொன்னதில்லை.

கட்டுரை முக்கால் பக்கத்துக்கு வந்தது. "பொறுமையின் சுவை" என்று தலைப்பு. பெரிய பானைக்குப் பக்கத்தில் சூப்பக்காவின் படம். வாசலில் வரிசை நின்றது. மூன்றாம் மாதம் இரண்டாவது கடைக்குப் பலகை மாட்டினார்கள். தங்கை புருஷன் சொன்ன சொல் தவறவில்லை. சாவிக்கு ஒரு சிவப்பு ரிப்பன்கூடக் கட்டியிருந்தான்.

சூப்பக்கா சாவியை வாங்கிப் பார்த்தாள். மாடிக்குப் போய் இரண்டு அறைகளையும் பார்த்தாள். ஓர் அறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் உள்ளே நின்றாள். கீழே வந்து சாவியை அவன் கையில் வைத்தாள்.

"புதுசை நீங்க பாத்துக்கோங்க தம்பி. பழசை எங்கிட்ட விட்டுடுங்க."

"விளையாடுறீங்களா? பழசுல கூரை ஒழுகுது!"

"ஒழுகட்டும்."

மறுபேச்சு பேசினால் மனம் மாறிவிடுவாளோ என்று அவன் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். புதுக்கடைக்கு வேறு சமையல்காரரைப் போட்டான்; பொடி கலக்க யார் இருந்தால் என்ன? கூட்டம் அங்கே போயிற்று. பழைய கடையில் மூட்டை வெளியே போனது, ஏழு ஜாடிகளும் மேசைக்கு இறங்கின. கல்லூரிப் பெண்கள் ஒரு தடவை வந்து "டேஸ்ட்டே மாறிப்போச்சு" என்று மூக்கைச் சுளித்துவிட்டுப் போனார்கள். மிஞ்சியது ஆறேழு பேர். அவர்களிலும் இரண்டு பேர் வரிசை இல்லை என்பதற்காக வருகிறவர்கள். கண்ணாடிக் கடைக்காரர் பழக்கத்தை விடமுடியாமல் ஜன்னலோரம் வந்து உட்கார்ந்து, "முன்ன மாதிரி இல்லம்மா, சப்புனு இருக்கு" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். ஜாடி அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கும். அவள் அதைக் காட்டியதும் இல்லை, நகர்த்தி வைத்ததும் இல்லை.

படுக்கை இன்னும் ஃப்ரிஜ் பக்கத்தில்தான். தங்கைக்கு மட்டும் மனசு ஆறவில்லை. ஒரு நாள் விடிகாலை பின்னாலேயே கடைக்கு வந்து நின்றுகொண்டாள்.

"எங்கிட்டயாவது சொல்லுக்கா. ரூம் வேணும் வேணும்னு ஆறு வருஷம் என் உயிரை வாங்கினே. கையில கொடுத்தா வேண்டாங்கிறே. குடிக்கிற ஏழு பேருக்கும் இது பிடிக்கல. யாருக்காகக்கா கொதிக்க வைக்கிறே?"

சூப்பக்கா அண்டாவுக்குள் கையை விட்டு எலும்பைப் புரட்டினாள். தண்ணீர் இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது.

"நகரு. தண்ணி மாத்தணும்."