அவருக்காக அரைத்த மிளகாய்

மாவு மில்லின் இயந்திரத்தை அந்த அக்கா சட்டென்று நிறுத்திய கணம் இன்னும் எனக்குள் இருக்கிறது. அவ்வளவு இரைச்சலுக்குப் பிறகு வந்த அமைதியில், என் நெஞ்சு அடித்துக்கொள்வது அவருக்கே கேட்டுவிடுமோ என்று பயந்தேன். உடுமலைப்பேட்டையில் ஒரு சந்துக்குள் இருந்தது அந்த மில். அவருடைய கணவரைக் கொன்றவருக்காகப் பேச நான் போயிருந்தேன்.

சமூகப்பணி படித்து முடித்த கையோடு, சிறையிலிருந்து வெளியே வருகிறவர்களுக்கு வேலையும் தங்குமிடமும் தேடித்தரும் சிறிய குழு ஒன்றில் சேர்ந்திருந்தேன். சிறை என்பது ஆளைத் திருத்தி அனுப்பும் இடமாக மாற வேண்டும் என்று டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம்கூட விடாமல் பேசுவேன். அதற்கு நான் காட்டும் உதாரணம் பேக்கரி அண்ணன். வாய்க்கால் தண்ணீர் இன்றைக்கு யார் முறை என்ற சண்டையில் பக்கத்துத் தோட்டத்துக்காரரை மண்வெட்டியால் அடித்துக் கொன்றவர். ஆயுள் தண்டனையில் இருந்தபோது சிறைக்குள்ளேயே ரொட்டி சுடக் கற்று, முன்கூட்டியே விடுதலையாகி, காந்திபுரத்தில் ஒரு பேக்கரியில் வேலைக்கும் சேர்ந்துவிட்டார். இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் ஆறு மாதமாகியும் வீட்டுக்கு மட்டும் போக மறுத்தார். பிளஸ் டூ படிக்கும் மகள் ஃபோனில் அழுதுகொண்டே இருந்தாள்.

நான் விடாமல் கேட்டதில் ஒருநாள் சொன்னார். "செத்தவரு சம்சாரம் ஆனைமலைல மொளகா அரைச்சுப்போட்டாங்க அம்மணி. சர்க்காரு உட்டாலும் மாசாணி உடமாட்டாளுங்க. நான் ஊட்டுக்குப் போனா எம்புள்ளை மேல வந்து விழுந்துருமுங்க."

அநியாயம் செய்தவனைத் தண்டிக்கச் சொல்லி ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் மிளகாயை அரைத்துக் கல்லில் பூசுவார்கள். பூசியவரே மனமிரங்கி வந்து அம்மனைக் குளிர்வித்தால்தான் அந்த எரிச்சல் அடங்கும் என்று அண்ணன் நம்பினார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. ரொட்டித் தட்டைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதைப் பார்த்ததும் என் சிரிப்பும் அடங்கிப் போனது. "நானே போய் அவங்களைக் கூப்பிடறேனுங்கண்ணா" என்று வேகமாகச் சொல்லிவிட்டேன். உடுமலை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்தவர், சுவரோரமாக முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார். அதற்கு மேல் ஓர் அடி நகரவில்லை.

மில்லில் மிளகாய்த்தூள் நெடி. அக்கா முந்தானையால் மூக்கைச் சுற்றிக் கட்டியிருந்தார். கண்கள் மட்டும் தெரிந்தன. அண்ணனின் பெயரைச் சொன்னேன். அப்போதுதான் இயந்திரம் நின்றது.

"வெளிய வந்துட்டானா? எப்ப?"

"ஆறு மாசமாச்சுங்கக்கா."

விறுவிறுவென்று போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். "ஆறு மாசமா நான் ஒண்டியா ஊட்டுக்கும் கடைக்கும் நடந்துட்டிருக்கறேன். எம்பையன் டியூசன் முடிஞ்சு இருட்டுல வாரான். ஒருத்தராச்சும் ஒரு வார்த்தை சொன்னீங்களா கண்ணு?"

அண்ணனுக்கு வேலை, அண்ணனுக்கு அறை, அண்ணனுக்கு மனநல ஆலோசனை என்று எத்தனை கூட்டம் போட்டிருப்போம்! இவருக்கு ஒரு ஃபோன் போட வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. திருந்தியவர் திரும்பி வரும் ஊரில் இன்னொரு வீடும் இருக்கிறது. இப்போதெல்லாம் யாராவது விடுதலையாகப் போகிறார் என்றால் அந்த இன்னொரு வீட்டைத்தான் முதலில் தேடிப் போகிறேன். அந்தக் கதவைத் தட்டுவது மட்டும் பழகவே மாட்டேன் என்கிறது.

"இப்ப எங்க இருக்கறான்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "பஸ் ஸ்டாண்டுலீங்கக்கா. நீங்க வந்து அம்மனைக் குளிர வெச்சாத்தான் வீட்டுக்குப் போவேங்கறாரு."

அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். "இத்தனை கிட்டக் கூட்டியாந்து நிறுத்திப்போட்டு, குளிர வைங்கன்னு கேக்க வந்தியாக்கும்? நல்லாப் படிச்ச போ!"

அண்ணனின் மகளைப் பற்றியும், அவள்மேல் விழுந்துவிடுமென்ற அவருடைய பயத்தைப் பற்றியும் சொன்னேன். அக்கா மூக்கில் கட்டியிருந்த முந்தானையை அவிழ்த்தார்.

"அரைச்சேன். இந்தக் கையாலதான் அரைச்சேன். குளிர வைக்க மாட்டேன். பயந்துட்டே கெடக்கட்டும், நான் கெடக்கலையா? ஆனா அந்தப் புள்ளைக்கு நான் அரைக்கலை. அது என்ன பண்ணுச்சு, பாவம்? அவனுக்கு அரைச்சது அவனுக்குத்தான். அதைப் போய்ச் சொல்லு. இந்தச் சந்துப் பக்கம் மட்டும் வந்துபோட வேண்டாம்னும் சொல்லு."

பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பினேன். இதைக் கேட்டு அவர் என்ன ஆவாரோ! அண்ணன் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார்.

"குளிர வைக்கறாங்களாமுங்களா?"

"இல்லீங்கண்ணா." அவர் முகம் செத்துப்போனது. மீதியையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"புள்ளை மேல இல்லீங்களா? எம்மேல மட்டுந்தானுங்களா?"

"ஆமாங்கண்ணா."

"எம்மேல மட்டுந்தானுங்களே?" மறுபடியும் கேட்டார்.

அவருடைய ஊர் பஸ் அப்போதுதான் நகரத் தொடங்கியிருந்தது. "அப்பச் சரீங்கம்மணி, நான் ஊட்டுக்குப் போறேனுங்க" என்று கத்திக்கொண்டே ஓடினார். தன் தலைமேல் எரிந்துகொண்டிருக்கும் நெருப்போடு ஒரு மனிதர் அத்தனை சந்தோஷமாக ஓடி பஸ் பிடித்ததை அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை.