திங்கட்கிழமை வருகிறேன் என்றவர்

நான் பத்தாவது வரை படித்தவள். கடிதம் தவிர வேறு எதுவும் எழுதிப் பழக்கமில்லை. இதை எழுத எனக்கென்ன தகுதி என்று பலமுறை தயங்கிவிட்டுத்தான் எழுதுகிறேன். தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் கடைசியில் வில்லியனூர் பக்கம் ஒரு மில்லில் வேலை செய்தேன். கம்ப்யூட்டர் அறையில் பிரிண்டருக்குக் காகிதம் மாட்டி, அச்சானதைக் கிழித்து அடுக்குவது என் வேலை. என் கணவர் அதே மில்லில் பாய்லர் பார்த்தார். பாய்லரில் தண்ணீர் வற்றினால் வெடித்துவிடும். குறையும்போதே மணி அடிக்கும்படி கம்ப்யூட்டரில் புரோகிராம் போட்டிருந்தார்கள். அது வந்த பிறகு இவர் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டார். மணிதான் இருக்கிறதே என்பார்.

அந்தப் புரோகிராமை எழுதியவர் எங்கள் மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஸ்கூட்டரில் போகையில் லாரி மோதி இறந்துவிட்டார். அவர் இடத்துக்குக் கடலூரிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். பழைய புரோகிராம்கள் அவருக்குப் பிடிபடவில்லை.

புரோகிராம் எழுதுகிறவர்கள், பின்னால் படிக்கிற மனிதருக்காக நடுநடுவே குறிப்பு எழுதுவார்களாம். கம்ப்யூட்டர் அதைத் தாண்டிப் போய்விடுமாம். அந்தக் குறிப்புகளை மட்டும் தானாகவே பொறுக்கியெடுத்துப் புத்தகம்போல அச்சடிக்க அந்த இளைஞர் ஒரு சின்னப் புரோகிராம் எழுதி, ஒரு மத்தியானம் ஓடவிட்டார்.

வந்ததெல்லாம் ஆங்கில எழுத்து. ஆனால் ஆங்கிலம் இல்லை. நான் எழுத்துக்கூட்டி வாய்விட்டுச் சொன்னபோதுதான் தெரிந்தது, இறந்தவர் நம் ஊர்ப் பேச்சை அப்படியே ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தார். சத்தமாகப் படித்தால்தான் புரிந்தது.

"நீங்க படிங்கக்கா, நான் எழுதிக்கிறேன்" என்றார் இளைஞர். நான் ஒவ்வொரு குறிப்பாகப் படித்தேன்.

"இங்க கை வைக்காதீங்கபா, ஒதைக்கும்."

"இது ஏன் ஓடுதுன்னு எனக்கே தெரியல. ஓடற வரைக்கும் ஓடட்டும் வுடு."

இளைஞர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மண்ணுக்குள் போனவரின் பேச்சு, அவர் இழுக்கும் அதே இழுப்போடு, என் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது. நிறுத்த முடியவில்லை. அடுத்த வரியைப் படித்தேன்.

"சோதன பண்றதுக்காக பாய்லர் மணிய நிறுத்தி வச்சிருக்கேன். திங்கக்கெழம வந்து போட்டுடறேன்."

இளைஞரின் பேனா நின்றது. "எந்தத் திங்கக்கெழம அக்கா?"

அவர் இறந்ததோ ஞாயிற்றுக்கிழமை. இளைஞர் பாய்லர் அறைக்குப் போன் அடித்தார். யாரும் எடுக்கவில்லை. நான் ஓடினேன்.

என் கணவர் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "இன்னாடி, வூடு பத்திகிச்சா? இப்டி ஓடியாற?"

எனக்கு மூச்சு வாங்கியது. குழாயைக் காட்டினேன்.

"மணி அடிக்கலயே" என்றபடி திரும்பிப் பார்த்தார். குழாயில் தண்ணீரே தெரியவில்லை. டம்ளரைப் போட்டுவிட்டு என்னை வெளியே தள்ளினார். தீயை அணைக்கச் சொல்லி அவர் கத்தியது மட்டும் கேட்டது. பாய்லர் வெடிக்கவில்லை.

நான் திரும்பி வந்தபோது, ஆளில்லாத அறையில் பிரிண்டர் இன்னும் இறந்தவரின் பேச்சை அச்சடித்துக்கொண்டிருந்தது.

அவர் எங்களைக் காப்பாற்றினாரா, அவர் விட்டுப்போன வேலைதான் எங்களைக் கொல்லப் பார்த்ததா என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கல்லறைத் திருநாளில் அவருக்கும் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருகிறேன்.

பாய்லரைச் சோதிக்க வேண்டியிருந்ததால், அது நடந்த மறுநாள் மில் ஓடவில்லை. பிரிண்டர் காகிதம் தீர்ந்து நின்றிருந்தது; நான் புதுக் காகிதம் மாட்டி, மீதிப் பக்கங்களை அடித்து முடித்தேன்.