குடவோலை முதல் என் கையெழுத்து வரை

திண்டிவனத்து டுடோரியல் ஒன்றில் பல வருஷமாக நான் மக்களாட்சியை விற்றுப் பிழைக்கிறேன். ஏதென்ஸில் ஆரம்பித்து வாக்கு இயந்திரத்தில் முடிக்க எனக்கு முக்கால் மணி நேரம் போதும். ஏதென்ஸில் எல்லோரும் கூடிக் கைதூக்கினார்கள்; எல்லோரும் என்றால் பெண்களும் அடிமைகளும் போக மிச்சம். உத்திரமேரூரில் குடத்தில் ஓலை போட்டார்கள். வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேத ஞானம் எல்லாம் இருந்தால்தான் ஓலையில் பெயர். எங்கள் காலனிக்காரன் கை பட்டிருந்தால் குடத்தையே உடைத்துப் போட்டிருப்பார்கள். வெள்ளைக்காரன் காலத்திலும் முதலில் சொத்துபத்து உள்ளவனுக்குத்தான் ஓட்டு. இதையெல்லாம் நக்கலாகச் சொல்வேன். வகுப்பு சிரிக்கும்.

மயிலம் பக்கத்து எங்கள் ஊராட்சியில் தலைவர் பதவியைப் பட்டியல் இனப் பெண்ணுக்கு ஒதுக்கினார்கள். என் மனைவி நின்றாள், ஜெயித்தாள். நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். ‘தலைவரே’ என்று கூப்பிட்டால் கூசாமல் திரும்பிப் பார்த்தேன். தீர்மானப் புத்தகத்தில் அவள் பெயரை என் அழகான கையெழுத்தில் போட்டேன். படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில்.

அவள் தேர்தலில் நின்றதே ஒரு பாதைக்காக. எங்கள் சுடுகாட்டுக்கு வழி கிடையாது, வரப்புதான். ஓர் ஐப்பசி மழையில் அவள் அம்மாவைத் தூக்கிப் போனபோது, முன்னால் போனவருக்குக் கால் வழுக்கிப் பாடை சேற்றில் விழுந்தது. பாதை கேட்டுத் தீர்மானம் போடச் சொல்லித்தான் ஒவ்வொரு கூட்டத்துக்கும் என்னை அனுப்பினாள். வரப்புக்குச் சொந்தக்காரரோ என்னை ‘சார்’ என்று கூப்பிட்டு டீ வாங்கித் தருவார். “அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம் சார்.” அந்த ‘சார்’ என்னைக் கவிழ்த்துவிட்டது. வீட்டுக்கு வந்து, “எழுதி மேல அனுப்பிட்டாங்க” என்று புளுகுவேன்.

காந்தி ஜெயந்தி கிராம சபைக்கு அவளே வந்துவிட்டாள், நூறுநாள் வேலைக்குப் போகும் பெண்களையும் கூட்டிக்கொண்டு. என் நாற்காலி அருகே வந்து நின்றாள். எழுந்துகொண்டேன். உட்கார்ந்து, பாதை வேண்டும் என்று இரண்டே வரியில் சொன்னாள். கைகள் உயர்ந்தன. ஊராட்சிச் செயலாளர் எழுதி நீட்டினார். எழுத்துக் கூட்டி மெதுவாகக் கையெழுத்துப் போட்டாள்.

செயலாளர் பழைய பக்கங்களைப் புரட்டினார்.

“இது தலைவரு கையெழுத்து மாதிரி இல்லீங்களே. மேல திருப்பி அனுப்பிடுவாங்க. பேஜாரா பூடும்.”

“அப்ப செல்லாது. அடுத்த கூட்டத்துல வெச்சிக்கலாம்,” என்றார் வரப்புக்காரர், ஜல்தியாக.

தலைவி நேரில் உட்கார்ந்திருக்கிறாள், அவள் போட்டதுதான் கள்ளக் கையெழுத்தாம்! எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாயை மூடிக்கொண்டால் என் மானம் பிழைக்கும், பாதை போகும். வெட்கம் பிடுங்கித் தின்றது.

“பழசெல்லாம் நான் போட்டதுங்க,” என்றேன். “இதுதான் அவங்க கையெழுத்து. அப்படின்னு எழுதிக்கங்க, கீழ நான் கையெழுத்து போடறேன்.”

பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. புத்தகத்தை என் பக்கம் தள்ளினாள்.

“இத்தினி தபா போட்டுக்கினு வந்தீங்களே, எங்கம்மா போன வழிய பத்தி இதுல ஒரு வரி இருக்குதாங்க?”

புரட்டிப் பார்க்கத் தேவையில்லை. இல்லை என்றேன்.