அப்பா சிகரெட்டை விட்ட பதினோரு நாட்கள்

போன வருடம் ஆடி மாதம், ஈப்போவுக்கு வெளியே எங்கள் பழைய தோட்டத்து முனியாண்டி கோவில் பூசையில் நடந்தது இது. ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை போட்டாயிற்று. நாங்களும் டவுனில் அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிட்டோம். பூசைக்கு மட்டும் எல்லாரும் அங்கே கூடுவோம்.

அப்பா தினமும் ஒரு பெட்டி சிகரெட் பிடிப்பார். பெட்டியில் அழுகிய கால் படம் இருந்தால் கடைக்காரரிடம், "அண்ணே, இந்தக் காலு வேணாம்லா, வேற படம் குடுங்க" என்பார். நானும் என் பங்குக்கு, "இப்படியே ஊதுனா சீக்கிரம் போய்ச் சேந்துருவப்பா" என்று திட்டுவேன். சிரித்துக்கொண்டே இன்னொன்றைப் பற்றவைப்பார்.

கிளினிக்கில் நர்ஸ் வேலை பார்க்கும் ஒரு மிஸ்ஸிதான் பயமுறுத்தாமல் பேசினார். "அங்கிள், இன்னிக்கே விட்டுப் பாருங்க. கொஞ்ச நாள்ல மாடிப்படி ஏறுறப்ப உங்களுக்கே வித்தியாசம் தெரியும்." அவ்வளவுதான், அப்பா விட்டுவிட்டார். எங்கள் வீடு நாலாவது மாடி, லிப்ட் எப்போதும் ரோசாக், ஓடவே ஓடாது. "இன்னிக்கு மூணாவது மாடி வரைக்கும் நிக்காம வந்துட்டேன்!" என்று வாசலிலிருந்தே கத்துவார்.

பூசை வந்தது பதினோராவது நாள். கோவிலுக்குள்ளிருந்து வந்த அப்பாவின் வாயில் புகை வாடை. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. தோட்டத்து ஆட்கள் எல்லார் முன்னாலும், "நீயெல்லாம் திருந்தவே மாட்ட. அந்தப் படத்துல உள்ள மாதிரி அழுகித்தான் சாவ" என்று கத்தினேன்.

"பதினோரு நாளே பெருசு மச்சான்!" என்று யாரோ அப்பாவைக் கிண்டல் பண்ண, எல்லாரும் சிரித்தார்கள். அப்பா திரும்பும் வழியில் ஒரு கடையில் இறங்கி ஒரு பெட்டி வாங்கினார். என்ன படம் என்றுகூடப் பார்க்கவில்லை.

எட்டே மாதம். மாரடைப்பில் போய்விட்டார்.

காரியத்துக்கு வந்த கோவில் பூசாரிதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "பூசை அன்னிக்குச் சாமிக்குச் சுருட்டு வைக்கணும். வாயில வச்சு இழுத்தாத்தான் பத்தும். எனக்கு ஆஸ்துமாலா, அதான் உங்கப்பாவக் கேட்டேன். 'நான் விட்டுட்டேண்ணே'ன்னு எவ்வளவோ சொன்னாரு. சாமி காரியம்னு நான்தான் விடல. பத்துனதும் படையல்ல வச்சுட்டாரு."

ஏன்பா வாடை அடிக்குது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அப்பாவின் நல்லதுக்குத்தானே திட்டினாய் என்று எல்லாரும் ஆறுதல் சொல்கிறார்கள். அன்றைக்கு என் வாயிலிருந்து வந்ததில் அவருடைய நல்லது எதுவும் இல்லை, என் கோபம் மட்டும்தான் இருந்தது. அது எனக்குத் தெரியும், கேட்டுக்கொண்டு நின்ற அப்பாவுக்கும் தெரிந்திருக்கும்.