டேங்க் நிரம்ப நின்ற கார்

சங்ககிரியில் ரிக் வண்டியோடு போர்வெல் போட வடக்கே போகிறவர்கள், திரும்பும்வரை தங்கள் காரை மெக்கானிக் அர்த்தநாரியிடம் விட்டுப்போவது வழக்கம். யாரும் சீட்டு கேட்டதில்லை. அவரும் அந்தக் கார்களைச் சொந்த வேலைக்குத் தொட்டதில்லை. மகளின் பிரசவத்துக்குக்கூட ஆட்டோ பிடித்துத்தான் போனார்.

விடுகிறவர்களிடம் அவர் சொல்வது ஒன்றுதான்: "டேங்க்கை வாய் வரைக்கும் ரொப்பி உடுங்க. காலியா நின்னா உள்ளே வேர்த்துத் துருப்பிடிக்கும்."

இந்த ஆனியில் மயில்சாமி மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்ததும், தங்கை மகளின் கல்யாணத்துக்காகப் பட்டறையில் விட்டிருந்த தன் பழைய காரை எடுத்தார். வைகுந்தம் டோல்கேட்டைத் தாண்டுவதற்குள் பெட்ரோல் நாற்றம் அடித்தது, வண்டி நின்றுவிட்டது. லாரியில் கட்டி இழுத்து வந்தார். பட்டறை முன்னால் டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏனுங்ணா, வண்டியில இருந்த நல்ல பம்ப்பைக் கழட்டிட்டு டூப்ளிகேட்டை மாட்டிட்டீங்களா?" என்றார் மயில்சாமி.

"என்ன சாமி பேசற?"

"பின்னே நின்ன வண்டி எப்படிங்ணா கெடும்?"

"அண்ணன் பட்டறையில பம்ப்புக்குக் கால் மொளைக்குதாட்ட இருக்குது" என்றார் ஒரு டிரைவர். மற்றவர்கள் சிரித்தார்கள்.

அர்த்தநாரி அங்கேயே, அவர்கள் பார்க்கக் கழற்றினார். பம்ப் மேல் அவர் முன்பு அடையாளத்துக்குப் போட்ட பெயின்ட் கோடு கலையாமல் இருந்தது; அதே பம்ப்தான். உள்ளே ரப்பர் தகடு விறைத்து வெடித்திருந்தது. பெட்ரோல் குழாய் உப்பிப்போய் விரலில் ஒட்டியது. கார்புரேட்டருக்குள் வெள்ளைப் பொடி. டேங்க்கின் அடியிலிருந்து பாட்டிலில் பிடித்தபோது, கீழே தண்ணீர் தனியாகத் தேங்கியது.

"எத்தனால் கலந்த பெட்ரோல் சாமி. ஈரத்தை இழுக்கும். இந்தக் காலத்து ரப்பர் தாங்கும், பழசு தாங்காது. மாசக்கணக்கா நின்னா இப்படித்தான்."

"அப்பறம் எதுக்குங்ணா ரொப்பச் சொன்னீங்க?"

நியாயமான கேள்வி. எத்தனால் கலந்தது என்று பங்க்கில் எழுதி ஒட்டியிருந்ததை அவரும் பார்த்திருந்தார். பெட்ரோல் என்ற பேரில் வருவது வேறொன்றாக மாறிய பிறகும், சொல்லிச் சொல்லிப் பழகியதையே சொல்லியிருந்தார்.

"அது என்ற தப்பு" என்றார். "திருட்டு இல்லை."

மயில்சாமி தரையைப் பார்த்தார். "கோவத்துல சொல்லிட்டேனுங்ணா. உடுங்க."

எத்தனால் தாங்கும் புதுக் குழாய் போட்டு, பம்ப்பையும் கார்புரேட்டரையும் சரிசெய்து, மறுநாள் வண்டியை ஓட்டிக் காட்டினார்.

"ஐப்பசியில கெளம்பறேனுங்ணா. வண்டி வழக்கம்போல இங்கயே..."

"வேண்டாம் சாமி. ஊட்டுலயே நிறுத்திட்டுப் போ."

அன்றே, கார் விட்டுப்போன மற்றவர்களின் வீடுகளுக்கும் போன் செய்து, வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

"ஏனுங்க, பட்டறையை மூடறீங்களா?" என்று ஒரு வீட்டம்மா பதறினார்.

"இல்லீங்க. ரிப்பேருன்னா கொண்டாங்க, பாத்துத் தாரேன். வெச்சுக்க மட்டும் மாட்டேன்."